கால்வலி முதுகுக்குத் திரும்பியபோது

சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவனாக வேலை பார்க்கிறேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டால், மார்கழி வரை எங்கள் தொழிலில் யாருக்கும் நிமிர நேரமிருக்காது. திதி, நட்சத்திரம், ராகு காலம், சுபமுகூர்த்தம் என்று பொடி எழுத்துகளால் நிறைந்த தாள்களை மேசைமேல் விரித்து, கழுத்தையும் இடுப்பையும் ஒருசேர வளைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. ஆள் குறைந்த நாள்களில் தாள் கட்டுகளைத் தூக்கி வைப்பதும் அதோடு சேர்ந்துகொள்ளும். அப்படியொரு பருவத்தின் நடுவில் என் இடுப்பில் வட்டு பிதுங்கி, வலி இடது காலுக்கு இறங்கியது. மாத்திரைகளுக்கு முழுதாக அடங்காத அந்த வலி இயன்முறை சிகிச்சையால் (பிசியோதெரபி) எவ்வாறு படிப்படியாகக் குறைந்தது என்பதை, இப்போது இதே நிலையில் படுத்திருக்கும் யாருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தில் விரிவாக எழுதுகிறேன். நான் சொல்ல வருவது அடிப்படையில் ஒன்றுதான்: இந்த நோயில் வலியின் அளவைக் காட்டிலும் வலி இருக்கும் இடமே நம்பத் தகுந்த வழிகாட்டி.

முதுகெலும்புத் தொடரில் உள்ள 33 எலும்புகளில், கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என மேலுள்ள 24 எலும்புகள் தனித்தனியே அசையக்கூடியவை. கீழே உள்ளவை ஒன்றோடொன்று இணைந்துவிட்டவை. எலும்புகளுக்கு இடையே இருக்கும் 23 வட்டுகளைத்தான் எங்கள் பக்கத்தில் ஜவ்வு என்று சொல்வார்கள். ஒவ்வொரு வட்டுக்கும் வெளியே நார்களாலான பல அடுக்கு வளையமும், உள்ளே பெரும்பாலும் நீராலான கூழ் போன்ற மையமும் உண்டு. வெளிவளையம் விரிசல்விட்டால் உள்ளிருக்கும் கூழ் அந்த வழியே பிதுங்குகிறது. நார்வளையம் மெலிந்திருக்கும் பின்பக்க ஓரமாகவே அது பெரும்பாலும் பிதுங்குவதாலும், காலுக்குப் போகும் நரம்பு வேர் அதே இடத்தில் இருப்பதாலும், இடுப்பில் நேர்ந்த கோளாறுக்குக் கால் துடிக்கிறது. பிதுங்கிய பொருள் நரம்பை அழுத்துவதோடு நிற்பதில்லை. அதிலுள்ள வேதிப்பொருள்கள் நரம்பைச் சுற்றி அழற்சியையும் உண்டாக்குகின்றன. முதல் சில வாரங்களின் தாங்க முடியாத வலிக்கு இந்த அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அழற்சி தணியக்கூடியது.

இடுப்பில் நேரும் வட்டுப் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு வட்டுகளில்தான் நேர்கின்றன. மேலுள்ளது பாதிக்கப்பட்டால் வலி வெளிப்பக்கக் கீழ்க்காலில் இறங்கிப் பாதத்தின் மேற்புறம் வழியாகப் பெருவிரலுக்குப் போகும். பெருவிரலை மேல்நோக்கித் தூக்குவதில் வலு குறையும். கீழுள்ளது பாதிக்கப்பட்டால் பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியே பாதத்தின் வெளியோரத்துக்கும் சுண்டுவிரலுக்கும் போகும். நுனிக்காலில் எம்பி நிற்பது சிரமமாகும். எனக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. மருத்துவரின் சீட்டில் எல்5–எஸ்1 என்று எழுதியிருந்ததன் பொருள், ஐந்தாவது இடுப்பு எலும்புக்கும் அதன் கீழே இணைந்துவிட்ட எலும்புகளாலான திரிகத்துக்கும் இடைப்பட்ட வட்டு என்பதே.

இயன்முறை சிகிச்சையாளர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இதைச் சார்ந்ததாகவே இருந்தது. “எவ்வளவு வலிக்குதுன்னு அப்புறம் சொல்லுங்க சார். எது வரைக்கும் வலிக்குதுன்னு முதல்ல விரல் வச்சுக் காட்டுங்க” என்றார். பிறகு குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் திரும்பத் திரும்ப உயர்த்தச் சொன்னார். வலது காலால் சுலபமாகச் செய்த அதே செயலை இடது காலால் இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்ய முடியவில்லை. குதிகால் நாணில் சிறு சுத்தியலால் தட்டியபோது வலப்பாதம் துள்ளியது, இடப்பாதம் அசையவே இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்தார். 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையே கால் நெடுக நரம்பு சுண்டினால் வேர் அழுந்தியிருப்பதாகக் கொள்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த மருத்துவர் லசேக்கின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனைக்கு ஒரு கட்டிலும் இரண்டு கைகளும் போதும். இந்தப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகே அவர் எம்ஆர்ஐ உறையைத் திறந்தார்.

அந்த வரிசையின் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு வட்டாவது உப்பியிருந்தது, 27 விழுக்காட்டினருக்குப் பிதுங்கியே இருந்தது. எந்த வட்டிலும் குறையில்லாதவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. வலியில்லாதவர் படமே இப்படியிருக்குமானால், வலியோடு இருப்பவரின் படத்தில் தெரிவது எல்லாம்தான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உடலில் தெரியும் அடையாளமும் படத்தில் தெரியும் இடமும் பொருந்த வேண்டும். எங்கள் குடும்பத்திலும் அச்சகத்திலும் என் அறிக்கையை எழுத்தெண்ணிப் படித்து, நான்கு இடங்களில் ‘தேய்மானம்’ இருப்பதாக வருத்தப்பட்டவர்கள் பலர். அந்த நான்கில் மூன்று, ஐம்பதை நெருங்குகிற எவருக்கும் இருக்கக்கூடியவை.

பிதுங்கிய வட்டு காலமெல்லாம் அப்படியே நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு மாறாக இருக்கிறது. வெளியே வந்துவிட்ட பொருளை உடலின் எதிர்ப்பாற்றல் அந்நியப் பொருளாகக் கருதி, அதைச் சுற்றிப் புதிய இரத்த நாளங்களை வளர்த்து, விழுங்கும் அணுக்களை அனுப்பிக் கரைக்கிறது. இதுபற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. அதன்படி, முற்றிலும் உடைந்து தனித் துண்டாகிவிட்ட பிதுக்கங்களில் 96 விழுக்காடும், வளையத்தைக் கிழித்து வெளியேறியவற்றில் 70 விழுக்காடும் தாமாகவே சுருங்கியிருந்தன. வளையத்துக்குள் அடங்கிய சிறு பிதுக்கங்களில் அந்த விகிதம் 41, வெறும் உப்பலில் 13 மட்டுமே. அறிக்கையில் எதைப் பார்த்து அதிகம் பயப்படுகிறோமோ, அதுவே அதிகம் கரைகிறது. இயன்முறை சிகிச்சை வட்டை உள்ளே தள்ளி வைப்பதாகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அப்படிச் செய்வதில்லை. உடல் தன் வேலையைச் செய்து முடிக்கும்வரை நரம்புக்கு மேலும் எரிச்சல் வராமல் பார்த்துக்கொள்வதும், அந்த இடைக்காலத்தில் தசைகள் வீணாகாமல் காப்பதும், அச்சத்தைப் போக்கி அசைய வைப்பதுமே அதன் வேலை.

அசைவது என்றதும் வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. வட்டு விலகியவர் பலகைக் கட்டிலில் ஒரு மாதம் ஆடாமல் படுக்க வேண்டும் என்பது என் மாமனாரின் உறுதியான கருத்து, ஏனென்றால் அவருடைய காலத்து மருத்துவர்கள் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். 1999இல் நெதர்லாந்தில், காலுக்கு வலி இறங்கிய 183 பேரில் ஒரு பாதியினரை இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் செய்து, மறுபாதியினரை இயன்றவரை வழக்கம்போல் நடமாட விட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து இரு பிரிவிலும் 87 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். படுக்கை எந்தக் கூடுதல் நன்மையும் தரவில்லை. கடும் வலி இருக்கும் ஓரிரு நாள்கள் படுத்திருப்பதில் தவறில்லை, ஆனால் அதற்கு மேல் படுத்தால் தசை மெலிவதுதான் மிச்சம் என்று சிகிச்சையாளர் சொன்னார். வீட்டுக் கூடத்துக்குள்ளேயே சில நிமிடம் நடப்பது, வலி கெண்டைக்காலுக்கு இறங்கத் தொடங்கியதும் படுத்துக்கொள்வது, சற்று அடங்கியதும் மீண்டும் நடப்பது என்ற முறையை அவர் வகுத்துக் கொடுத்தார். எவ்வளவு நேரம் நடக்கலாம் என்பதைக் கடிகாரத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், கால் சொல்லும் என்பது அவருடைய விதி.

இனி, எனக்கு மிகவும் பயன்பட்ட பயிற்சிக்கு வருகிறேன். அது நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவரின் வழியில் வந்தது. 1956இல் வெலிங்டனில் அவருடைய மருத்துவமனைக்கு, காலுக்கு இறங்கும் வலியோடு ஒருவர் வந்தார். ஸ்மித் என்ற பெயரால் மெக்கென்சி அவரைக் குறிப்பிடுவார். உள்ளே போய்க் குப்புறப் படுக்குமாறு அவரிடம் சொல்லிவிட்டு மெக்கென்சி வேறொருவரைக் கவனிக்கப் போய்விட்டார். முந்தைய நோயாளிக்காகத் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த கட்டிலை யாரும் தாழ்த்தியிருக்கவில்லை. ஸ்மித் அதன்மேலேயே குப்புறப் படுத்து, இடுப்பு பின்னோக்கி நன்றாக வளைந்த நிலையில் கிடந்தார். சுமார் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்துப் பதறிய மெக்கென்சியிடம், கால்வலி போய்விட்டதாக அவர் சொன்னார். முதுகைப் பின்னால் வளைப்பது ஆபத்து என்று கருதப்பட்ட காலம் அது. அந்தத் தற்செயலிலிருந்து மெக்கென்சி பல்லாண்டு உழைத்து உருவாக்கிய முறைதான் இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது, அதன் விதிகளைத் தொகுத்து 1981இல் நூலாக வெளியிட்டார், 2013இல் மறைந்தார்.

அவர் கண்டறிந்தவற்றில் மிக முக்கியமானது, சரியான திசையில் அசையும்போது வலி காலின் நுனியிலிருந்து மேலேறி இடுப்பின் நடுவை நோக்கிச் சுருங்கும் என்பது. பாதத்தில் இருந்தது கெண்டைக்காலுக்கும், கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கும், தொடையில் இருந்தது இடுப்புக்கும் வர வேண்டும். அப்படி வரும்போது இடுப்புவலி சற்று அதிகமானாலும் அது நல்ல அடையாளம். மாறாக, இடுப்புவலி குறைந்து காலில் கீழே இறங்கினால், வலி மொத்தத்தில் குறைந்ததுபோல் தோன்றினாலும், அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். எனக்கு முதலில் குப்புறப் படுத்திருப்பது மட்டுமே பயிற்சியாக இருந்தது. அடிவயிற்றின் கீழ் தலையணை வைத்துக்கொண்டு படுத்தேன். பிறகு தலையணை இல்லாமல். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தி. கடைசியாக இடுப்பைத் தளர்வாகத் தரையிலேயே விட்டுவிட்டு, உள்ளங்கைகளை ஊன்றிக் கைகளை நீட்டி உடலின் மேற்பகுதியை எழுப்புவது. யோகாசனம் பழகியவர்களுக்குப் புஜங்காசனம்போல் தோன்றும், ஆனால் இதில் முதுகுத் தசையை இறுக்கக் கூடாது, வேலை முழுவதையும் கைகளே செய்ய வேண்டும். நாளுக்கு ஒருமுறை நெடுநேரம் செய்வதைவிட, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துத் தடவை செய்வதுதான் முறை.

சில நாள்களில் சுண்டுவிரல் வலி மறைந்தது. பிறகு கெண்டைக்கால் விட்டது. இடுப்பு மட்டும் முன்னைவிடக் கடுமையாக வலித்தது. என் மனைவிக்கு அது பெருங்கவலை. “பயிற்சி ஆரம்பிச்ச பிறகுதாங்க இடுப்பே இப்படி வலிக்குது, பேசாம நிறுத்திருங்க” என்றாள். சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்டது அதே கேள்விதான்: எது வரைக்கும்? இடுப்போடு நிற்கிறது என்றேன். அப்படியானால் தொடருங்கள் என்றார். இந்த ஒரு விதியை அறியாமல், சரியான பயிற்சியைப் பாதியில் நிறுத்தியவர்களையும், தவறான பயிற்சியை வைராக்கியமாகத் தொடர்ந்தவர்களையும் அவருடைய காத்திருப்பு அறையில் சந்தித்திருக்கிறேன். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பின்னோக்கி வளைவது எல்லாருக்கும் பொருந்தாது. தண்டுவடக் கால்வாய் குறுகியவர்களுக்கும், ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின்மேல் முன்னோக்கி நகர்ந்தவர்களுக்கும் அது வலியைக் கூட்டலாம். சிலருக்கு முன்னோக்கி வளைவதோ பக்கவாட்டு அசைவோதான் வலியை மேலேற்றும். எந்தத் திசை என்பதைச் சோதித்துச் சொல்வதற்குத்தான் படித்த சிகிச்சையாளர் தேவை. காணொளியைப் பார்த்துச் செய்கிறவர்கள் இழப்பது இந்தச் சோதனையைத்தான்.

இந்தச் சிகிச்சையாளரிடம் வருவதற்கு முன் வேறொரு மையத்துக்குச் சில நாள் போனேன். அங்கே ‘கரண்ட் வைப்பது’தான் சிகிச்சை. இடுப்பில் நான்கு பட்டைகளை ஒட்டிக் கருவியை இயக்கிவிட்டுப் போய்விடுவார்கள், இருபது நிமிடம் இதமாகக் குறுகுறுக்கும், பிறகு இடுப்பில் எடை கட்டி இழுப்பு, பிறகு பணம். யாரும் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. இடுப்புவலிக்கும் காலுக்கு இறங்கும் வலிக்குமான வழிகாட்டுதலை இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்டபோது, மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், இழுப்பு, இடுப்பு பெல்ட் ஆகியவற்றைத் தர வேண்டாம் என்றும், உடற்பயிற்சித் திட்டத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் ஊர்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. கருவி இருக்கும் மையமே பெரிய மையம் என்ற எண்ணம் நோயாளிகளிடமும் உண்டு. பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால், ‘ஒன்றுமே செய்யவில்லை, அதற்கு இவ்வளவு ரூபாயா’ என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். வெந்நீர் ஒத்தடமும் மின்தூண்டலும் சற்று நேரம் வலியை மறக்கச் செய்து, அந்த இடைவெளியில் பயிற்சி செய்ய உதவுமானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவே சிகிச்சையாகிவிட்டால் மாதங்கள்தான் ஓடும்.

பயிற்சி நேரம் போக எஞ்சிய பொழுதில் வட்டை எவ்வாறு நடத்துகிறோம் என்பது அடுத்தது. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டுக்குள் உணரியைச் செருகி, அன்றாடச் செயல்களின்போது அங்கே ஏற்படும் அழுத்தத்தை அளந்தார்கள். நிமிர்ந்து நிற்கும்போது அது 0.5 மெகாபாஸ்கலாக (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருந்தது, 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3 ஆக உயர்ந்தது. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, உடலோடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1. அளவு ஒரேயொருவருடையது என்றாலும், தாள் கட்டுகளைக் கையாளும் எங்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. அதே ஆய்வில், இரவு ஏழு மணி நேரம் படுத்திருந்தபோது வட்டின் அழுத்தம் 0.10இலிருந்து 0.24ஆக ஏறியது, ஏனென்றால் சுமையில்லாத நேரத்தில் வட்டு நீரை உறிஞ்சி உப்புகிறது. எனவே விடியற்காலையில் வட்டு விம்மியிருக்கும், அந்த நிலையில் குனிவது நார்வளையத்துக்குக் கூடுதல் சோதனை. எழுந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுவது, அடிகுழாயில் குடத்தைக் குனிந்து தூக்குவது, காலணிக் கயிற்றைக் கட்டுவது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. எங்கள் சிகிச்சையாளர் தம்மிடம் வரும் பெண்களிடம், கோலத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், அல்லது வீட்டில் வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள் என்று சொல்வார். அந்த இரண்டாவது அறிவுரையைக் கேட்கும் கணவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தியக் கழிப்பறையில் குந்துவது அந்த முதல் வாரங்களில் எனக்கு இயலவில்லை. இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் இருக்கை பொருத்திய கமோடு நாற்காலியை வாங்கி வைத்தோம். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும், முக்குவதோ வட்டின் அழுத்தத்தை ஏற்றும்; ஆகவே தண்ணீரும் கீரையும் பழமும்கூடச் சிகிச்சையின் பகுதியாயின. தும்மல் வரும்போது முன்னால் குனியாமல், சுவரிலோ மேசையிலோ கையை ஊன்றி நிமிர்ந்த நிலையில் தும்மப் பழகினேன். பேருந்தில் பின் இருக்கை கூடாது, இருசக்கர வண்டியில் வேகத்தடையைக் கண்டால் முன்கூட்டியே மெதுவாகிவிட வேண்டும். பந்தியில் தரையில் சம்மணமிட்டு உட்காருவதைப் பல மாதம் தவிர்த்தேன். உறவுக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

கால்வலி தொடைக்கு மேல் ஏறி நின்ற பிறகு, நரம்பை வழுக்கவிடும் பயிற்சி தொடங்கியது. பாவாடை நாடாவை ஒரு முனையில் இழுக்கும்போது மறுமுனை உள்ளே போக வழிவிட்டால் அது மடிப்புக்குள் தடையின்றி ஓடும்; இரு முனைகளையும் இழுத்துப் பிடித்தால் இறுகும். நரம்பும் அப்படித்தான். நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நீட்டும்போது தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும், முழங்காலை மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். ஒரு முனை இழுபடும்போது மறுமுனை தளர்வதால், நரம்பு நீளாமல் தன் பாதையில் நகர்கிறது. பின்தொடைத் தசை இறுகிவிட்டது என்று எண்ணிக் காலை நீட்டிக் குனிந்து விரலைத் தொட முயல்வது இந்தக் கட்டத்தில் செய்யவே கூடாதது, ஏனென்றால் அங்கே இறுகியிருப்பது தசையைக் காட்டிலும் எரிச்சலடைந்த நரம்பே.

பிறகு வந்தது வலுவூட்டல். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் முதுகெலும்பின் இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளையே எனக்கும் கொடுத்தார்கள். முதலாவது, மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மட்டும் மடக்கி, இடுப்பு வளைவின் கீழ் கைகளை வைத்துக்கொண்டு தலையையும் தோளையும் தரையிலிருந்து சிறிதளவே எழுப்புவது. இரண்டாவது, ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. மூன்றாவது, நான்கு கால்களில் நிற்பதுபோல் இருந்துகொண்டு ஒரு கையையும் அதற்கு எதிர்ப்பக்கக் காலையும் நேராக நீட்டுவது. ஒவ்வொன்றிலும் பத்து வினாடிக்கு மேல் நிலைத்திருக்கத் தேவையில்லை. வயிற்றுத் தசைக்கென்று முழுதாக எழுந்து உட்காரும் பயிற்சியை வட்டு பாதித்தவர்கள் செய்யக் கூடாது என்பதும் அவருடைய ஆய்வுகளின் வழி வந்த அறிவுரை. மூன்றும் பார்வைக்கு மிக எளியவை, செய்கையில் சலிப்பூட்டுபவை. வலி குறைந்ததும் பெரும்பாலோர் பயிற்சியை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான் என்று சிகிச்சையாளர் சொன்னார். நான் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டையும் இந்தக் கட்டத்தில் கழற்றிவிடச் சொல்லிவிட்டார்.

அறுவை சிகிச்சையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் கால்வலியோடு இருந்த 283 பேரில் ஒரு பாதியினருக்கு விரைவில் அறுவை செய்தார்கள், மறுபாதியினரைப் பொறுத்திருக்கச் செய்து தேவைப்பட்டால் மட்டும் செய்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். விரைவில் அறுவை செய்துகொண்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்பது உண்மை, அந்த வேகம் சிலருக்கு மிகவும் தேவைப்படலாம். அறுவையை ஒரு தோல்வியாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சில நிலைகளில் பொறுத்திருப்பதே ஆபத்து: மலவாய், பிறப்புறுப்பு, உள்தொடை ஆகியவற்றைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது கட்டுப்பாடின்மை, மலம் தானே வெளியேறுதல், இரு கால்களிலும் வலுவிழப்பு. இவற்றில் எது தோன்றினாலும் அன்றே, அந்த மணி நேரத்திலேயே, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பாதம் தொங்கிப்போவதும், வலு நாளுக்கு நாள் குறைவதும்கூடக் காத்திருக்கக் கூடாதவை. இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு: வலி திடீரென்று நின்றுபோய் அதே இடத்தில் மரப்பும் பலவீனமும் கூடினால், அது நரம்பு மேலும் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

சுளுக்கு வழிப்பவரிடம் போகச் சொன்னவர்களும், புத்தூர் கட்டுக்கு வண்டி ஏற்பாடு செய்வதாகச் சொன்னவர்களும் உண்டு. புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்கானது; இங்கே முறிந்தது எதுவுமில்லை. முடக்கத்தான் ரசம் வந்தது, குடித்தேன், நன்றாக இருந்தது. முதுகில் ஏறி மிதிப்பதாகச் சொன்ன ஒருவரை மட்டும் மனைவி வாசலோடு அனுப்பிவிட்டாள். தனியார் மையத்துக்குப் பணம் கட்ட இயலாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் இயன்முறை சிகிச்சைப் பிரிவைத் தாராளமாக அணுகலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வர இயலாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடங்கும். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

இப்போது நான் முழு நேரமும் வேலை பார்க்கிறேன். தாள்களைச் சாய்த்து வைக்கும் பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கியதால் குனிவது குறைந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைகளை வைத்துப் பின்னால் சில முறை வளைந்துவிட்டு உட்காருகிறேன். கட்டு தூக்குவதை முதலாளி தாமாகவே வேறொருவருக்கு மாற்றிவிட்டார். கால்வலி அறவே இல்லை. இடது கெண்டைக்காலின் வலு ஏறக்குறைய முழுதும் திரும்பிவிட்டது; ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவதில் வலது காலுக்கும் அதற்கும் இடையே இருந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது. சுண்டுவிரலின் ஓரத்தில் மட்டும் மரத்த உணர்வு சிறிது எஞ்சியிருக்கிறது. சேதமுற்ற நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவே வளரக்கூடியது. இடுப்பிலிருந்து சுண்டுவிரல்வரை உள்ள தூரத்தை நினைத்தால் அவசரப்பட ஏதுமில்லை. குதிகால் நாணைச் சுத்தியலால் தட்டினால் இடப்பாதம் இன்னமும் அசைவதில்லை. அந்த அனிச்சைச் செயல் பலருக்குத் திரும்புவதே இல்லை, அதனால் நடப்பதற்கோ ஓடுவதற்கோ தடையுமில்லை என்று சொல்லிய சிகிச்சையாளர், கடந்த சில சந்திப்புகளாக அந்தச் சுத்தியலை வெளியே எடுப்பதையே விட்டுவிட்டார்.